நினைவு, வாசிப்பு வேகம், சிந்தனை: மனப்பயிற்சி எதைத் தரும், எதைத் தராது

மனப்பயிற்சி வகுப்புகளுக்கும் கைப்பேசிச் செயலிகளுக்கும் முகநூலில் வரும் விளம்பரங்கள் பெரும்பாலும் மூன்று வாக்குறுதிகளை ஒரே மூச்சில் தருகின்றன: நினைவாற்றல் இரட்டிப்பாகும், வாசிப்பு வேகம் பல மடங்கு கூடும், சிந்தனை கூர்மையாகும். யாங்கோன், மோல்மீன், பகோ முதலிய ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களை இந்த வாக்குறுதிகள் எளிதில் ஈர்ப்பதற்குக் காரணம் உண்டு. 1960களின் நடுப்பகுதியில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு பர்மாத் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளிப் பாடங்களைப் பர்மியத்தில் படிக்கிறார்கள். ஆங்கிலத்தைத் தேர்வுக்காகவும் வேலைக்காகவும் கற்கிறார்கள். தமிழ் எழுத்தைக் கோவில்களில் நடக்கும் வார இறுதி வகுப்புகளில் பழகுகிறார்கள். மூன்று எழுத்து முறைகளை ஒருசேரக் கற்கும் பிள்ளைக்குக் குறுக்கு வழி ஒன்று இருந்தால் நல்லது என்று பெற்றோர் எண்ணுவது இயல்பே.

மூன்று வாக்குறுதிகளும் ஒரே தாளில் அச்சாவதால் மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே என்ற எண்ணம் எழுகிறது. ஆய்வுகளைப் பார்த்தால் அப்படியில்லை. நினைவைப் பொறுத்தவரை பயிற்சியால் பெரும் பயன் கிடைக்கிறது. வாசிப்பு வேகத்தில் கிடைப்பது சிறிதளவே. பொதுவான சிந்தனைக் கூர்மையோ விளையாட்டுகளாலும் புதிர்களாலும் கிடைப்பதாகத் தெரியவில்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

நான்கு சொற்கள்

1. செயல்நினைவு. இந்தக் கணத்தில் மனத்தில் ஏந்திக்கொண்டு கையாளும் செய்திகளுக்கான இடம் இது. ஒருவர் சொல்லும் தொலைபேசி எண்ணை எழுதி முடிக்கும் வரை வைத்திருப்பது இதில்தான். 1956இல் அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் இதன் கொள்ளளவை ஏழு என்றும், ஆளுக்கும் பொருளுக்கும் ஏற்ப இரண்டு கூடலாம் அல்லது குறையலாம் என்றும் மதிப்பிட்டார். 2001இல் நெல்சன் கோவன் அதை ஏறத்தாழ நான்கு எனத் திருத்தினார். எண்ணப்படுவது எழுத்தோ இலக்கமோ அன்று, பொருளுள்ள ஒரு கட்டு. ‘1948’ என்பது பர்மாவின் விடுதலை ஆண்டை அறிந்தவருக்கு ஒரு கட்டு, அறியாதவருக்கு நான்கு.

2. நீள்நினைவு. நாள்கள், ஆண்டுகள் கடந்தும் தங்கும் சேமிப்பு. இதற்கு நடைமுறையில் எல்லை காணப்படவில்லை.

3. மீட்டெடுப்பு. சேமித்ததை வேண்டிய நேரத்தில் வெளியே கொண்டுவருதல். ‘தெரியும், ஆனால் ஞாபகம் வரவில்லை’ என்ற நிலையில் குறைபாடு சேமிப்பில் இல்லை, மீட்டெடுப்பில் இருக்கிறது.

4. பயிற்சிப் பரவல். ஒன்றில் பெற்ற பயிற்சி, பயிலாத வேறொன்றிலும் பயன் தருதல். விளம்பரங்களின் வலிமையும் பலவீனமும் இந்த நான்காவது சொல்லில்தான் அடங்கியிருக்கின்றன.

மனம் ஒரே தசையா?

அரிசி மூட்டை தூக்கிப் பழகிய கைக்கு நெல் மூட்டையும் எளிது. மனமும் அப்படித்தான் என்பது மனப்பயிற்சி வணிகத்தின் உள்ளுறை வாதம். அதாவது எதைக் கொண்டு பயின்றாலும் மூளை முழுவதும் வலுப்பெறும் என்கிறார்கள். இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் கண்டது வேறு.

எரிக்சன், சேஸ், ஃபலூன் ஆகிய மூவர் 1980இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கல்லூரி மாணவர் ஒரு முறை கேட்ட இலக்கங்களை அதே வரிசையில் திருப்பிச் சொல்லும் பயிற்சியை 20 மாதங்களில் 230 மணி நேரத்துக்கும் மேலாகச் செய்தார். தொடக்கத்தில் ஏழு இலக்கங்களையே சொல்ல முடிந்த அவர் இறுதியில் 79 இலக்கங்கள் வரை சொன்னார். அவர் ஓட்டப்பந்தய வீரர். கேட்ட இலக்கங்களை மூன்று நான்காகச் சேர்த்து அவற்றை ஓட்ட நேரங்களாக மாற்றி நினைவில் வைத்தார். ஆய்வாளர்கள் இலக்கங்களுக்குப் பதிலாக ஆங்கில மெய்யெழுத்துகளைக் கொடுத்தபோது அவருடைய அளவு ஆறுக்கு இறங்கிவிட்டது. இருபது மாதப் பயிற்சியும் இலக்கத்தில் நின்றுவிட்டது, எழுத்துக்குக்கூடத் தாண்டவில்லை.

பிள்ளைகளை அபாகஸ் வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் ஜப்பானியர் ஹதானோவும் ஒசாவாவும் 1983இல் வெளியிட்ட முடிவை அறிந்திருப்பது நல்லது. மணிச்சட்டத்தை மனத்திலேயே ஓட்டிக் கணக்கிடும் மிகத் தேர்ந்த வல்லுநர்களை அவர்கள் சோதித்தார்கள். இலக்கங்களை நினைவில் வைப்பதில் அந்த வல்லுநர்கள் மற்றவர்களை வெகுதூரம் விஞ்சினார்கள். எழுத்துகளையோ பழங்களின் பெயர்களையோ கொடுத்தபோது சாதாரண மனிதர்களாக ஆகிவிட்டார்கள். அபாகஸ் வகுப்பு கணக்குக்குப் பயன்படும், ஐயமில்லை. வரலாற்றுப் பாடம் மனத்தில் நிற்பதற்கு அது உதவும் என்று எதிர்பார்ப்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. சதுரங்கத்திலும் இதே நிலை: ஆட்டத்தின் நடுவே உள்ள பலகையை ஒரு முறை பார்த்துக் காய்களைத் திரும்ப அடுக்கும் வல்லவர்கள், காய்களைத் தாறுமாறாக வைத்த பலகையைக் காட்டினால் புதியவர்களைவிடப் பெரிதாக எதையும் சாதிப்பதில்லை என்று சேஸும் சைமனும் 1973இல் காட்டினார்கள்.

பெரிய அளவிலான சோதனை 2010இல் வெளியாயிற்று. ஏட்ரியன் ஓவன் குழுவினர் பிரிட்டனின் பிபிசியோடு சேர்ந்து 11,430 பேரைக் கணினி வழி மூளைப் பயிற்சி விளையாட்டுகளில் ஆறு வாரங்கள் ஈடுபடுத்தினார்கள். ஆடிய விளையாட்டுகளில் எல்லோரும் முன்னேறினார்கள். ஆடாத சோதனைகளில், அவை நெருங்கிய வகையைச் சேர்ந்தவையாக இருந்தபோதும், குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. 2016இல் லுமோசிட்டி என்ற செயலியின் உரிமையாளரான லூமோஸ் லேப்ஸ் நிறுவனம், போதிய சான்றின்றி விளம்பரம் செய்ததாக அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் சாட்டிய குற்றச்சாட்டை முடித்துக்கொள்ள 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

ஆகவே பயிற்சியால் திறமை வளர்கிறது என்பதில் மறுப்பில்லை. வளர்ந்த திறமை பயின்ற பொருளை விட்டு வெகுதூரம் போவதில்லை என்பதே செய்தி. இந்த ஒரு முடிவை மனத்தில் இருத்திக்கொண்டால் மூன்று வாக்குறுதிகளையும் தனித்தனியே எடைபோட முடியும்.

மிங்குன் சயாடோவும் பதினாறாயிரம் பக்கங்களும்

மியான்மரில் நினைவாற்றலைப் பற்றிப் பேசினால் மிங்குன் சயாடோவின் பெயர் வராமல் இராது. விசித்தசாரர் என்ற துறவுப் பெயர் கொண்ட அவர் 1911 முதல் 1993 வரை வாழ்ந்தவர். பௌத்தத் திருமறையாகிய திரிபிடகத்தை மனப்பாடமாக ஒப்பித்தும் விளக்கி எழுதியும் தேறவேண்டிய அரசுத் தேர்வில் 1953இல் முதலாவதாக வென்றார். ரங்கூன் கபா ஏ மேட்டில் 1954 முதல் 1956 வரை நடந்த ஆறாவது பௌத்தப் பேரவையில் மறைநூல் பற்றிய வினாக்களுக்கு விடை சொல்லும் பொறுப்பு அவருடையதாக இருந்தது. 1954 மே மாதத்தில் 16,000 பக்கங்களை அவர் மனப்பாடமாக ஓதினார் என்று கின்னஸ் சாதனை நூல் பதிவு செய்தது.

இத்தகைய நினைவு பிறவிக் கொடை என்று சொல்லிக் கடந்துவிடலாம். கொடையின் பங்கை மறுப்பதற்கில்லை. அந்தத் தேர்வில் பிற்காலத்தில் முழுமையாக வென்றவர்கள் மிகச் சிலரே. ஆயினும் விளக்கத்துக்குரிய மூன்று கூறுகள் அதில் உள்ளன.

1. நூலின் அமைப்பு. பாலி மறைநூல் எழுத்தில் ஏறுவதற்கு முன்பு பல தலைமுறைகள் வாய்வழியாகக் காக்கப்பட்டது. நான்கு வாய்மைகள், எட்டு நெறிகள், பன்னிரு சார்புகள் என எண்ணிட்ட பட்டியல்களும், சொல்லுக்குச் சொல் திரும்பி வரும் தொடர்களும் அதில் நிறைந்திருக்கின்றன. கூறியது கூறல் என்று இன்றைய வாசகர் சலித்துக்கொள்ளும் அமைப்பு, ஓதுபவருக்கு அடுத்த வரியைக் கையில் எடுத்துக் கொடுக்கிறது. தமிழ் மரபில் அந்தாதி செய்வதும் அதையே: ஒரு பாட்டின் இறுதிச் சொல்லே அடுத்த பாட்டின் முதற்சொல்லாக வருவதால் நூறு பாட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக மீட்டெடுக்க முடிகிறது. எதுகையும் மோனையும் காதுக்கு இனிமை தருவதோடு, மறந்த சொல் எந்த எழுத்தில் தொடங்க வேண்டும் என்பதையும் ஓதுபவருக்குச் சொல்லிவிடுகின்றன.

2. பயிலும் முறை. பொங்கிகள் எனப்படும் பர்மிய பௌத்தத் துறவிகளின் மடங்களில் இளம் துறவியர் ஏட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. சிறு பகுதியை எடுத்து, ஏட்டை மூடி, வாய்விட்டு ஒப்பித்து, ஆசிரியர் முன் சரிபார்த்துக்கொண்ட பிறகே அடுத்த பகுதிக்குப் போகிறார்கள். பழைய பகுதிகளையும் இடைவிட்டு ஓதுகிறார்கள். இதன் அறிவியல் மதிப்பு கீழே வருகிறது.

3. தேர்வின் பிரிவு. வாய்மொழித் தேர்வில் வென்றவருக்கு ஒரு பட்டம், பொருளறிந்து எழுதும் தேர்வில் வென்றவருக்கு வேறொரு பட்டம் என்று அந்தத் தேர்வு பிரித்து வைத்திருக்கிறது. மனப்பாடம் செய்தவர் பொருளையும் அறிந்திருப்பார் என்று தேர்வை வகுத்தவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைய பள்ளித் தேர்வுகள் பலவற்றில் காணாத தெளிவு இது.

ஒரே நேரத்தில் பலவற்றைக் கவனத்தில் வைத்து விடை சொல்லும் தமிழ் அவதானக் கலைக்கும் இந்த விளக்கம் பொருந்தும். 1907இல் சென்னையில் சதாவதானம் (நூறு அவதானம்) செய்து காட்டிய செய்குத்தம்பிப் பாவலர் யாப்பிலும் இலக்கியத்திலும் ஊறியவர். செய்யுளின் ஈற்றடியைக் கொடுத்து வெண்பாவை முடிக்கச் சொன்னால், யாப்பு அவருக்குப் பாதி வேலையைச் செய்து முடித்திருக்கும். யாப்பறியாத ஒருவர் எத்தனை மனப்பயிற்சி செய்தாலும் அந்த மேடையில் நிற்க முடியாது.

வேக வாசிப்பு: கண்ணும் மூளையும்

வாசிப்பு வேகத்தைப் பெருக்கும் வணிகம் 1959இல் அமெரிக்காவில் ஈவ்லின் வுட் தொடங்கிய வகுப்புகளோடு பெரிதாயிற்று. குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர்கூட வெள்ளை மாளிகையில் அந்தப் பயிற்சியைப் பெற்றார். அவ்வகுப்புகளும் அவற்றின் வழிவந்தவையும் சொல்வதன் சாரம் மூன்று: பார்வையை அகட்டி ஒரே நோக்கில் பல சொற்களைப் பிடிக்க வேண்டும், படித்த வரிக்குத் திரும்பக்கூடாது, மனத்துக்குள் ஒலித்துப் படிப்பதை நிறுத்த வேண்டும். மூன்றையும் கண்ணசைவை அளக்கும் கருவிகளால் சோதித்துப் பார்த்தாயிற்று.

முதலாவது, பார்வை. வாசிக்கும் கண் வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவி நிற்கிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஏறத்தாழ கால் நொடி. விழித்திரையில் எழுத்தைத் தெளிவாகக் காணக்கூடிய நடுப்பகுதி மிகச் சிறியது. கோணக் கணக்கில் இரண்டு பாகை அளவே. ஆங்கிலம் வாசிப்பவர் ஒரு நிறுத்தத்தில் பயன்படும்படி பெறுவது இடப்பக்கம் மூன்று நான்கு எழுத்து, வலப்பக்கம் பதினைந்து எழுத்துக்குள் அடங்கிவிடுகிறது. அந்தப் பதினைந்திலும் தொலைவில் உள்ளவை மங்கலாகவே கிடைக்கின்றன. இது கண்ணின் உடற்கூற்று எல்லை. பயிற்சியால் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பார்வையில் படிக்கும் நிலையை அடைய இயலாது.

இரண்டாவது, திரும்பிப் பார்த்தல். கண்ணின் தாவல்களில் பத்தில் ஒரு பங்கோ சற்றுக் கூடுதலாகவோ பின்னோக்கிச் செல்பவை. இவற்றைக் கெட்ட பழக்கம் என்கிறார்கள் வேக வாசிப்பு ஆசிரியர்கள். திரையில் ஒரு நேரத்தில் ஒரு சொல்லையே காட்டும் செயலிகள் 2014 வாக்கில் பரபரப்பாகப் பேசப்பட்டன. அவற்றில் கண் திரும்பிச் செல்ல வழியே இல்லை. அந்த ஆண்டிலேயே ஷாட்டரும் உடனாய்வாளர்களும், படித்த சொற்களை மறைத்துத் திரும்பிப் பார்க்க முடியாமல் செய்தால் புரிதல் குறைகிறது என்று காட்டினார்கள். சிக்கலான வாக்கியத்தில் தவறாகப் பொருள்கொண்டதை உணர்ந்து திருத்திக்கொள்ளும் வழியைத்தான் அச்செயலிகள் அடைத்திருந்தன.

மூன்றாவது, உள்ளொலி. மௌனமாகப் படிக்கும்போதும் சொற்களின் ஒலிவடிவம் மனத்தில் எழுகிறது. எளிய செய்தியில் அதை அடக்கிவிட்டாலும் பெரிய இழப்பில்லை. கருத்துச் செறிந்த பகுதியில் அடக்கினால் பொருள் நழுவுகிறது. இது தமிழுக்குக் கூடுதலாகப் பொருந்தும் என்பது என் கருத்து. சந்தியால் சேர்ந்த சொற்களை மனத்துக்குள் பிரித்து ஒலிக்காமல் செய்யுளையோ நீண்ட உரைநடையையோ பொருள்கொள்வது கடினம்.

அப்படியானால் வேக வாசிப்பாளர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. ஜஸ்ட், கார்ப்பென்டர் முதலியோர் அமெரிக்காவில் பயிற்சி பெற்ற வேக வாசிப்பாளர்களையும், பயிற்சியின்றி மேலோட்டமாகப் பார்க்கச் சொல்லப்பட்டவர்களையும், இயல்பாக வாசித்தவர்களையும் ஒப்பிட்டார்கள். முதல் இரு குழுவினரும் நிமிடத்துக்கு அறுநூறு எழுநூறு சொற்கள் போனார்கள். மூன்றாமவர் 250 அளவில் நின்றார்கள். புரிதலில் இயல்பாக வாசித்தவர்களே மேல். எளிய கட்டுரையின் பொதுக் கருத்தைப் பிடிப்பதில் வேக வாசிப்பாளர்கள் மேலோட்டக்காரர்களைவிடச் சற்று முன்னே இருந்தார்கள். நுட்பமான செய்திகளிலோ கண் படாத இடத்தைப் பற்றி அவர்களாலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஆக, வேக வாசிப்பு வகுப்பு கற்பிப்பது எதை விடலாம் என்று தெரிந்து மேலோட்டமாகப் பார்க்கும் திறன். நாளிதழைப் புரட்டவும், நூலில் வேண்டிய அத்தியாயத்தைத் தேடவும் அது நல்ல திறன்தான். தேர்வுக்குரிய பாடத்தைப் படிக்க அதைப் பயன்படுத்தினால் இழப்பு உறுதி. கீத் ரெய்னரும் உடனாய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட விரிவான மதிப்பாய்வின் முடிவும் இதுவே: வேகத்தைக் கூட்டினால் புரிதல் குறையும்.

நிமிடத்துக்கு எத்தனை சொல் என்ற கணக்கு

விளம்பரங்களில் வரும் அளவுகோல் ‘நிமிடத்துக்கு இத்தனை சொல்’ என்பது. மார்க் பிரைஸ்பேர்ட் 2019இல் 190 ஆய்வுகளைத் தொகுத்து, ஆங்கிலக் கட்டுரைகளை மௌனமாக வாசிக்கும் பெரியவர்களின் சராசரி நிமிடத்துக்கு 238 சொற்கள் என்று கணக்கிட்டார். இந்த எண்ணைக் கொண்டு ஒரு தமிழ்ப் பிள்ளையை அளந்து ‘வேகம் பாதிதான்’ என்று சொல்வது பிழை. தமிழ் ஒட்டுநிலை மொழி. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்பது தமிழில் ஒரு சொல். அதை ஆங்கிலத்தில் சொல்ல ஆறு சொற்கள் வேண்டும். நிமிடத்துக்கு 120 தமிழ்ச் சொற்களை வாசிப்பவர், 238 ஆங்கிலச் சொற்களை வாசிப்பவர் அளவுக்கே செய்தியைப் பெற்றிருக்கக்கூடும்.

பர்மிய எழுத்தில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. அதில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடும் வழக்கம் இல்லை. தொடருக்குத் தொடர்தான் இடைவெளி. ஆங்கிலத்தில் இடைவெளிகளை நீக்கிவிட்டால் பழகியவருக்கும் வேகம் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைகிறது. பர்மியம் படிக்கும் பிள்ளையோ சொல்லின் எல்லையைத் தானே கண்டுகொள்ளும் வேலையைத் தொடக்கத்திலிருந்தே செய்து பழகுகிறது. பர்மிய எழுத்துப் பழக்கம் தமிழ் வகுப்பில் கைகொடுக்கும் இடம் ஒன்றும் உண்டு. பர்மியத்தில் ‘ஏ’ ஒலியின் குறி மெய்யெழுத்துக்கு இடப்பக்கம் எழுதப்பட்டாலும் மெய்க்குப் பின்பே ஒலிக்கப்படும்; தமிழின் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் அவ்வாறே. தமிழை மட்டும் கற்கும் பிள்ளைகள் பலர் தடுக்கி நிற்கும் இந்த இடத்தைப் பர்மியம் அறிந்த பிள்ளைக்குச் சுட்டிக் காட்டினால் போதும். அமைப்பு ஒத்திருப்பதால் இங்கே பயிற்சி பரவுகிறது.

வேகத்தை உண்மையில் உயர்த்துவன இரண்டே: சொல்வளமும் பொருளறிவும். கண் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தங்கும் நேரம், அந்தச் சொல் எவ்வளவு பழகியது, எவ்வளவு எதிர்பார்க்கத்தக்கது என்பதைப் பொறுத்தே குறைகிறது. எனவே நிறைய வாசிப்பவர் வேகமாக வாசிக்கிறார். மூன்று வார வகுப்பில் வாங்கக்கூடிய பொருள் அன்று அது.

நினைவு: பயிற்சி பலிக்கும் இடம்

எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதியின் வேகத்தை அளந்து 1885இல் வெளியிட்டார். கற்றதில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்திலேயே நழுவியது. பிறகு மறதி மெதுவாயிற்று. அன்று முதல் இன்று வரை குவிந்த ஆய்வுகளை டன்லாஸ்கி குழுவினர் 2013இல் அலசி, மாணவர் பயன்படுத்தும் பத்து முறைகளைத் தரம்பிரித்தார்கள். உயர்ந்த பயன் உடையவை என்று அவர்கள் சொன்னவை இரண்டே: தன்னைத்தானே சோதித்தல், இடைவெளி விட்டுப் படித்தல். திரும்பத் திரும்ப வாசிப்பதும், வண்ண மையால் அடிக்கோடிடுவதும் குறைந்த பயனுடையவை என்ற பிரிவில் விழுந்தன. பெரும்பாலான மாணவர்கள் செய்வது பின்னவற்றையே என்பதுதான் வேடிக்கை.

தன்னைச் சோதித்தலின் ஆற்றலை ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் காட்டினார்கள். ஒரு குழு ஓர் உரைப்பகுதியை நான்கு முறை படித்தது. மற்றொரு குழு ஒரு முறை படித்துவிட்டு மூன்று முறை நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்கள் நினைவில் இருந்தது 40 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்கள் நினைவில் இருந்தது 61 விழுக்காடு. படித்த உடனே எளிதாகத் தோன்றுவதைக் கற்றுவிட்டதாக எண்ணுவதால்தான் மாணவர் ஏமாறுகிறார். மூடிய ஏட்டோடு ஒப்பிக்கும் மடத்து முறையின் மதிப்பு இங்கே விளங்கும்.

இடைவெளியைப் பற்றிய விதி எளியது: எவ்வளவு காலம் நினைவில் இருக்க வேண்டுமோ அதற்கேற்ப இடைவெளியும் நீள வேண்டும். அடுத்த வாரத் தேர்வுக்கு ஒரு நாள் விட்டுப் படிப்பது போதும். ஓராண்டுக்கு நிற்க வேண்டுமானால் வாரக் கணக்கில் இடைவெளி விட்டுத் திரும்ப வேண்டும்.

நினைவுப் போட்டி வீரர்கள் கையாளும் இடமுறை இவற்றிலிருந்து வேறானது. நன்கு பழகிய இடத்தின் நிலைகளை வரிசையாக எண்ணி, நினைவில் வைக்க வேண்டியவற்றை அந்நிலைகளில் காட்சியாக நிறுத்துவது இது. கோவிலுக்குப் போய்ப் பழகியவர் பலிபீடம், கொடிமரம், மகாமண்டபம், கருவறை, தெற்குச் சுற்றில் தட்சிணாமூர்த்தி, வடக்கே சண்டிகேசுவரர் என்று வலம்வரும் வரிசையைப் பயன்படுத்தலாம். மார்ட்டின் டிரெஸ்லர் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், இம்முறையில் ஆறு வாரம் பயின்ற சாதாரண மனிதர்கள் 72 சொற்களில் 26 முதல் 30 வரை நினைவுகூர்ந்த நிலையிலிருந்து 60க்கு மேல் உயர்ந்தார்கள். ஆகவே நினைவு இரட்டிப்பாகும் என்ற விளம்பரம் இந்த அளவில் உண்மை. பட்டியல்களுக்கும் பெயர்களுக்கும் வரிசைகளுக்கும் இது சிறந்தது. காரண காரியத் தொடர்பு நிறைந்த பாடத்துக்கு இதனால் கிடைப்பது குறைவு.

சிந்தனை: பொருளை விட்டுப் பிரியாத திறன்

பீட்டர் வேசன் 1966இல் அமைத்த புதிர் ஒன்றைத் தமிழாக்கிப் பார்க்கலாம். நான்கு அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிவன அ, க, 4, 7. ‘ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டை எண் இருக்கும்’ என்ற விதி உண்மையா என்று அறிய எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? பெரும்பாலோர் அ, 4 என்பார்கள். சரியான விடை அ, 7. நான்கின் பின்னால் எது இருந்தாலும் விதி பொய்யாகாது. ஏழின் பின்னால் உயிரெழுத்து இருந்தால் பொய்யாகிவிடும். கல்லூரி மாணவர்களிலும் பத்தில் ஒருவருக்குக் குறைவாகவே சரியாகச் சொன்னார்கள்.

இதே தருக்கத்தைக் ‘மது அருந்துபவர் குறிப்பிட்ட வயதைக் கடந்திருக்க வேண்டும்’ என்ற விதியாக மாற்றி, யாரைச் சோதிக்க வேண்டும் என்று கிரிக்ஸும் காக்ஸும் 1982இல் கேட்டபோது ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் சரியாகச் சொன்னார்கள். மூளையும் அதே, தருக்கமும் அதே. பழகிய பொருள் வந்ததும் சிந்தனை திருந்திவிட்டது. பொதுச் சிந்தனைத் திறன் என்று தனியாக ஒன்றைப் பிரித்தெடுத்து வளர்க்கலாம் என்ற நம்பிக்கை இங்கேதான் தளர்கிறது.

பழைய ரங்கூனிலிருந்தே எடுத்துக்காட்டு உண்டு. முகல் தெருச் செட்டியார் கடைகளில் தொழில் பழகும் பெட்டியடிப் பையன்களாகச் சேர்ந்தவர்கள் வட்டிக் கணக்கைத் தாளின்றிப் போடுவதற்குப் பழக்கப்பட்டார்கள். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி என்றால் 80இல் ஒரு பங்கு, மா என்றால் 20இல் ஒரு பங்கு என்று தொடங்கும் எண்சுவடி வாய்ப்பாடு சிறுவயதிலேயே நீள்நினைவில் பதிந்திருந்ததால், கணக்கின் போது அவர்களுடைய செயல்நினைவு இடைவிடையைத் தேடிச் செலவாகவில்லை. கடன் கேட்டு வந்தவரின் நிலம், விளைச்சல், நாணயம் ஆகியவற்றை எடைபோடுவதற்கு மனம் ஓய்வாக இருந்தது. மனப்பாடம் சிந்தனைக்குப் பகை என்று இக்காலத்தில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பொருளறியாத மனப்பாடம் பகைதான். பொருளறிந்து பதித்த அடிப்படைகள் இல்லாமல் சிந்திக்க முயல்பவருக்குச் செயல்நினைவின் நான்கு இடங்களும் அடிப்படைகளைத் தேடுவதிலேயே நிரம்பிவிடும்.

தியானம் எங்கே பொருந்துகிறது

கவனப் பயிற்சியையும் மனப்பயிற்சி வகுப்புகள் இப்போது சேர்த்துக்கொள்கின்றன. விபாசனை என்ற பௌத்தத் தியான முறை உலகெங்கும் பரவியது பர்மாவிலிருந்துதான்: விடுதலை பெற்ற பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயரான ஊ பா கின் 1952இல் ரங்கூனில் தியான மையம் நிறுவினார், அவரிடம் பயின்ற, மாண்டலேயில் பிறந்த சத்திய நாராயண கோயங்கா 1969இல் அதை இந்தியாவுக்குக் கொண்டுசென்றார். கண் வரியில் ஓடிக்கொண்டிருக்க மனம் வேறெங்கோ அலைவது வாசிப்பின் பெரிய இழப்பு என்பதால் கவனத்தைத் திருப்பிக் கொண்டுவரும் பழக்கம் ஓரளவு உதவக்கூடும். குறுகிய காலத் தியானப் பயிற்சிக்குப் பின் வாசிப்புத் தேர்வில் முன்னேற்றம் கண்ட ஆய்வுகளும் உள்ளன, காணாதவையும் உள்ளன. தேர்வு மதிப்பெண்ணுக்காக விபாசனை என்பது அந்த ஆசிரியர்கள் எவரும் சொல்லாத நோக்கம்.

வார இறுதி வகுப்புக்கும் பெற்றோருக்கும்

மேற்கண்டவற்றிலிருந்து கிடைக்கும் நடைமுறை விளைவுகளில் முதன்மையானது நேரப் பங்கீடு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் தமிழ் படித்துவிட்டு ஆறு நாள் ஏட்டைத் தொடாத பிள்ளை, இடைவெளிப் பயனையும் சோதித்தற் பயனையும் ஒருசேர இழக்கிறது. வகுப்பு நேரத்தைக் கூட்ட முடியாத இடங்களிலும், கற்ற ஒரு குறளைப் புதன்கிழமை வீட்டில் ஏட்டைப் பாராமல் எழுதச் சொல்லவும், சென்ற மாதக் குறளை இந்த வாரம் கேட்கவும் முடியும். குறளுக்கு ஏழே சீர். பொருளோடு சேர்த்துக் கட்டினால் செயல்நினைவில் ஒருசேர நிற்கும் அளவு. பொருளைப் பர்மியத்தில் விளக்கினாலும் குற்றமில்லை. நினைவு பற்றுவது பொருளைத்தான், அது எந்த மொழி வழியாக வந்தாலும்.

பணம் கட்டிச் சேரும் வகுப்பு அல்லது செயலியைப் பொறுத்தவரை கேட்க வேண்டியவை இவை:

1. எந்தப் பொருளில் பயிற்சி? இலக்கங்களிலும் படங்களிலும் பயிற்சி தந்துவிட்டுப் பள்ளிப் பாடத்தில் பயன் விளையும் என்றால், அந்தப் பரவலுக்கு என்ன சான்று?

2. வாசிப்பு வேகம் கூடியது என்றால் புரிதலை எப்படி அளந்தார்கள்? பத்தியைப் படிக்காமலே பொதுஅறிவால் விடை சொல்லத்தக்க கேள்விகளாக இருந்தால் அந்த மதிப்பெண்ணுக்குப் பொருளில்லை.

3. எப்போது அளந்தார்கள்? வகுப்பு முடிந்த அன்றே வைக்கும் சோதனை, ஐந்தாவது நிமிடத்தில் நான்கு முறை படித்தவர்கள் முந்திய கதையாகவே இருக்கும்.

4. யாரோடு ஒப்பிட்டார்கள்? ஒரே வகைச் சோதனையை முதல் நாளும் கடைசி நாளும் எழுதும் பிள்ளை, இடையில் எதையும் கற்காவிட்டாலும் இரண்டாம் முறை கூடுதலாகவே மதிப்பெண் பெறும். கேள்வி வகை பழகிவிட்டதே காரணம். வகுப்பில் சேராத பிள்ளைகளுக்கும் அதே சோதனையை இரு முறை வைத்து, அவர்களுடைய உயர்வைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் பயிற்சியின் பயன். விளம்பரத்தில் அச்சாகும் விழுக்காடு பெரும்பாலும் கழிப்பதற்கு முந்தையது.